நாக்குமீன் சொன்ன தீர்ப்பு

குஞ்சாக இருந்தபோது நாக்குமீனுக்கும் மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்தான். "ரெண்டு பக்கத்தையும் ஒண்ணுபோலப் பார்க்கிறவன் நான்" என்று அது தம்பட்டம் அடித்ததை நம்பி, ஒரு வளைக்காகச் சண்டை போட்ட நண்டும் இறாலும் அதையே நாட்டாமையாக வைத்தன. நண்டு இடப்பக்கம் நின்றது, இறால் வலப்பக்கம்.

வழக்கு வாய்தாமேல் வாய்தாவாக இழுத்தது. அதற்குள் நாக்குமீன் வளர்ந்து, தன் இனத்து வழக்கப்படி வலக்கண்ணும் நகர்ந்து இடப்பக்கம் ஏறிக்கொண்டது. உடம்பு தட்டையானதும் வலப்பக்கமாகச் சேற்றில் சாய்ந்து சுகமாகப் படுத்தது.

"ஐயா, நசுங்குறேன்!" என்று அடியிலிருந்து இறால் அலறியது.

சத்தம் வந்ததே என்று நாக்குமீன் கண்களை உருட்டித் தேடியது. மேலே நண்டு மட்டும் கொடுக்கைக் கூப்பி நின்றது.

"ரெண்டு கண்ணாலயும் பார்த்துட்டேன். இறால் தரப்புல யாரும் வரல. வளை நண்டுக்கே."