மூக்குக் குழல் மாப்பிள்ளை

லுபுவாகன் மலையூரில் அலியெனைப் பெண் கேட்டு ஒரே நாளில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இருவர் கையிலும் குழல் இருந்தது.

"வாசிங்க தம்பி, கேட்போம்," என்றாள் அலியெனின் அம்மா லகுன்னாய்.

வந்தவர்களில் முதலாமவன் பலாவாக் நீண்ட மூங்கில் குழலை வாயில் வைத்து ஊதினான். பக்கத்து வீட்டில் நெல் குத்துகிற சத்தம்கூட நின்றுபோனது. அலியென் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அருமை தம்பி. அப்படியே மூக்குக் குழலையும் ஊதுங்க."

"வாய்க்குழல், சேர்த்துக் கட்டின குழல் எல்லாம் வாசிப்பேன் அத்தை. மூக்குக் குழல் மட்டும் எனக்கு வராது."

"சும்மா ஊதுங்க," என்று வீட்டிலிருந்த மூக்குக் குழலை நீட்டினாள்.

ஊதினான். 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. மறுபக்க மூக்கிலும் அதே 'புஸ்'தான்.

அடுத்து துமாகாய் மூக்குக் குழலை எடுத்தான். வலது மூக்கால் ஊதினான், இடது மூக்கால் ஊதினான். தாளமும் இல்லை, ராகமும் இல்லை. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"இவர்தான் மாப்பிள்ளை," என்றாள் லகுன்னாய்.

அலியென் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "உனக்கென்ன காது செவிடாப் போச்சா? பன்னி கத்துற மாதிரி ஊதினாரும்மா!"

"பாட்டு யாருக்குடி வேணும்? உங்கப்பாவும் வாய்க்குழல் வாசிச்சுத்தான் என்னை மயக்கினார். ராத்திரி அவர் விடுற குறட்டை உனக்குத் தெரியாததா? கல்யாணமான நாள்லேர்ந்து நான் கண்ணு மூடலை. மூக்கு நல்லாத் திறந்திருக்கிறவனைக் கட்டிக்கிட்டு நீயாவது நிம்மதியா தூங்குடி!"

வெளியே வந்த அலியென், துமாகாயின் மூக்கை முதல்முறையாக ஆசையோடு பார்த்தாள்.