மாமனார் கையில் ரிமோட்

“மாமா, அந்தக் கருமத்த அணைங்க.”

முனீஸ்வரி சொன்னது தவசியின் காதில் விழாமல் இல்லை. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டிவியில் ஒரு வெள்ளைக்காரன் முதுகில் பெரிய பையோடு மலையேறிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க வாங்க, நல்ல தமிழில் பேசிக்கொண்டே ஏறினான்.

முனீஸ்வரி டிவியை முறைத்தாள். இந்தக் கண்றாவியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் புருஷன் சுந்தரபாண்டி கெட்டுப்போனான். ராத்திரியானால் இதுதான். அவளை ஒரு நாடகம் நிம்மதியாகப் பார்க்க விட்டதில்லை. மழையே எட்டிப் பார்க்காத பரளச்சியில் பிறந்தவனுக்குப் பனியில் நடக்க வேண்டுமாம். மதுரையில் கூட வேலை பார்க்கிற பையன்களோடு வடக்கே மலையேறக் கிளம்பினான்.

போன இடத்தில் பனி கொட்டிப் பாதையை மூடிவிட்டது. முந்தாநாளிலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை. மலைக்குக் கூட்டிப் போன கம்பெனிக்காரர்களைக் கேட்டால், “தேடிக்கிட்டிருக்கோம், தகவல் வந்தா சொல்றோம்” என்கிறார்கள்.

செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

தவசியின் தங்கச்சி மாயக்காள், காரியாபட்டியிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தவள், உள்ளே வந்ததும் அண்ணனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏண்ணே, பெத்த புள்ள என்ன ஆனான்னு தெரியல. ஒனக்கு டிவி கேக்குதா?”

தவசி சேனலை மாற்றினார். அங்கே ஒருத்தன் காட்டுக்குள் புழுவைத் தின்றுகொண்டிருந்தான். அதையும் மாற்றினார்.

“நேத்திலருந்து இப்படித்தான் அத்தை” என்றாள் முனீஸ்வரி. “காடு மலைன்னு எதுல வந்தாலும் தேடித் தேடிப் பாக்குறாக. தொட்டதுக்கெல்லாம் வையிற ஆளு, இப்ப வாயே தெறக்க மாட்டேங்குறாக.”

போன் அடித்தது.

முனீஸ்வரி எடுக்கப் போன அவசரத்தில் அது கீழே விழுந்தது. மாயக்காள்தான் எடுத்துக் காதில் வைத்தாள். ரீசார்ஜ் பண்ணச் சொல்லி ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது.

அந்த நேரம் பார்த்து டிவியில் நாலு பேர் பனியைத் தோண்டி யாரையோ வெளியே இழுத்தார்கள். முனீஸ்வரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தவசி மட்டும் கண்ணை எடுக்காமல் இன்னும் முன்னால் குனிந்தார். மனுஷனா இவர் என்று நினைத்தாள்.

கரண்ட் போனது.

தவசி பதறிப்போய் எழுந்தார். “இப்பப் போயி நின்னுருச்சே” என்று துண்டைத் தேடினார். “பால்சாமி டீக்கடையில இன்வெர்ட்டர் இருக்கும்ல?”

முனீஸ்வரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “போங்க மாமா. புள்ள போனா என்ன, ஒங்களுக்கு டிவி ஓடணும்.”

வாசலில் நின்ற தவசி என்னமோ சொல்ல வாயெடுத்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

“கல்லு நெஞ்சு” என்றாள் மாயக்காள்.

மறுபடியும் போன் அடித்தது. தெரியாத நம்பர். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அடித்து ஓயப் போகிற நேரத்தில் முனீஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள்.

“முனீசு, நான்தான்.”

கதறி அழுது முடித்துத்தான் கேட்டாள். “எங்க இருக்கீக?”

“பட்டாளத்து ஆஸ்பத்திரில. கால் வெரலு மட்டும் மரத்துப் போயிருக்கு. டிவியில பாத்தது ஞாபகம் வந்துச்சு. பனியிலயே குழி தோண்டி உள்ள உக்காந்துட்டோம். அதுக்கு மேல என்ன செய்யணும்னு தெரியல. செத்தோம்னுதான் நெனச்சோம், பட்டாளத்துக்காரங்க வந்து தூக்கிட்டாங்க. அப்பா எங்க?”

முனீஸ்வரி செருப்புக்கூடப் போடாமல் போனும் கையுமாக டீக்கடைக்கு ஓடினாள். அங்கேயும் தவசி டிவிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை படிந்து கிடந்தது.

“ஒங்க புள்ளதான் மாமா. நல்லா இருக்காக. பேசுங்க.”

தவசி போனை வாங்கிக் காதில் வைத்தார். உதடு கோணியது. அவர் கேட்ட முதல் கேள்வி அவருக்கு எப்படித் தோன்றியது என்று அவளுக்கு விளங்கவில்லை.

“ஏலே, குழி தோண்டுனியா?”

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பால்சாமி அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“ஒரே பொலம்பல்மா. பனியில மாட்டுன ஒருத்தன் குழி தோண்டி உள்ள உக்காருவானாம். அப்புறம் அவன் எப்படி உசுரோட வெளிய வந்தான்னு காட்டுறது எந்தச் சேனல்ல வரும்னு என்னையும் தேடச் சொன்னாக. புள்ள அதைப் பாத்துக்கிட்டு இருக்கும்போது, பாவி நான்தான் ரிமோட்டப் பிடுங்கி மாத்திட்டேன், மிச்சத்த அவன் பாக்கலையேன்னு தலையில தலையில அடிச்சுக்கிட்டாக.”

முனீஸ்வரிக்கு அந்த ராத்திரி நன்றாக ஞாபகம் இருந்தது. தவசி ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரிமோட்டைப் பிடுங்கி நாடகத்துக்கு மாற்றியது அவள்தான்.