எழுதியதைவிட நீண்ட மௌனம்

"நெஜமான ஆளு எப்ப வருவாரு?"

பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில், இசைக்குழுவின் முன்னால் கை தூக்கி நின்ற டாரியாவைப் பார்த்து முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அப்படித்தான் கேட்டாள்.

டாரியா அன்று முழுக்கச் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள்.

அவள் இசைக்குழுவின் துணை நடத்துநர். ஒவ்வொரு கச்சேரிக்கும் கறுப்பு உடையில் வந்து, இசைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு சபையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேடையில் நிற்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் ஏறவேண்டும்.

அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி வேண்டிக்கொள்வாள். மனசார வேண்டியதாலோ என்னவோ, ஆறு வருடமாக ஒருவரும் தும்மக்கூட இல்லை.

இன்று பனிப்புயல். விருந்தினராக வரவேண்டிய நடத்துநர் கால்கரி விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார்.

மேடை நிர்வாகி லொரெய்ன் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "வாயில இருக்கற பெரோகிக் கொழுக்கட்டைய முழுங்குடி! இன்னிக்கு நீதான்!"

"நானா?"

"இல்ல, உன் பின்னாடி நிக்கற குளிர்சாதனப் பெட்டி. ஓடு!"

ஓடினாள். மேடை நடுவுக்கு வந்த பிறகுதான் காலைப் பார்த்தாள். முழங்கால்வரை பனிக்காலணி. சபை சிரித்தது. வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் அடக்க முடியவில்லை.

மூன்றாம் வரிசையில் நிர்வாகக் குழுவினர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் இந்த மேடை யாருக்கு என்று முடிவு செய்யவேண்டியவர்கள் அவர்கள். இன்று சொதப்பினால் அவள் மறுபடியும் பள்ளிப் பிள்ளைகளிடம்தான் போகவேண்டும்.

'ஆண்டவரே, கூடவே இரும்' என்று சொல்லிக்கொண்டு கையை உயர்த்தினாள்.

சிம்பொனி பொங்கிக்கொண்டு கிளம்பியது. எழுபது பேர் தன் விரல் நுனியில் மூச்சுவிடுவது போலிருந்தது. காலுக்குக் கீழே தரையே இல்லை.

அந்தத் தலைகால் புரியாத சந்தோஷத்தில், இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள்.

எக்காளக்காரர்களைப் பார்த்துக் கம்பீரமாகக் கை நீட்டினாள். அவர்கள் எக்காளங்களை மடியில் வைத்துக்கொண்டு, 'எங்களையா?' என்பதுபோல் பார்த்தார்கள்.

எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியவில்லை.

கடைசி வரிசையில், பெரிய செம்பு முரசுகளுக்குப் பின்னால் நின்ற வெர்ன் உதடுகளை மட்டும் அசைத்தார். "எம்."

எல்லோருடைய தாளிலும் வழி தெரிவதற்காக அங்கங்கே எழுத்துகள் போட்டிருக்கும். டாரியா ஒரு தாளைப் பின்னோக்கித் திருப்பினாள். 'எம்' அங்கே இருந்தது. இசையும் அங்கேதான் இருந்தது.

சபைக்கு ஒன்றும் தெரியவில்லை. வெர்ன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஆற்றுவெள்ளம்தான். முடிவுக்குச் சற்று முன்னால், மொத்த வாத்தியங்களும் சட்டென்று ஓயும் இடம் வந்தது. தாளத்தில் ஒரு தட்டு நேரம் மௌனம் என்றுதான் எழுதியிருந்தது.

டாரியா மௌனத்தை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். இருமல்காரர்கள்கூட இருமலை விழுங்கிக்கொண்டார்கள்.

பிறகு முரசும் எக்காளமும் ஒன்றாக வெடிக்க, சபையே எழுந்து நின்றது. நிர்வாகக் குழுவினரும் எழுந்தார்கள். அவள் கைகாட்டியும் வாத்தியக்காரர்கள் எழவில்லை. பாராட்டு அவளுக்கு மட்டும் என்று, கைதட்டலுக்குப் பதிலாகத் தரையில் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திரைக்குப் பின்னால் லொரெய்ன் அவளைக் கட்டிக்கொண்டாள். "அந்த மௌனம்! எங்கிருந்துடி வந்துச்சு அவ்வளவு தைரியம்?"

"எல்லாரும் ஒரு மூச்சு விட்டுக்கட்டுமேன்னு தோணுச்சு" என்றாள் டாரியா.

மௌனம் தொடங்கிய அந்த நொடியில் வெர்னின் இரண்டு குச்சிகளும் உயர்ந்திருந்தன. நாற்பது வருடமாகத் தட்டு எண்ணித் தவறாதவர், ஒன்றை விட்டு எண்ணி, மௌனத்துக்குள்ளேயே அடிக்கப்போனார்.

டாரியா இடது உள்ளங்கையை இடுப்பருகே மெல்லத் தாழ்த்தினாள். வாத்தியக்காரர்கள் அது தங்கள் எல்லோருக்கும் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

குச்சிகள் முரசின் தோலுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றன.

அவர் மூச்சை இழுத்து, கைகளை மறுபடி உயர்த்தி, லேசாகத் தலையசைக்கும்வரை டாரியா காத்திருந்தாள்.

அதன் பிறகுதான் வலது கையை இறக்கினாள்.