நாற்பத்தேழாம் பக்கம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

ஒரு கண்டக்டரம்மா. வீட்டுக்காரருக்குக் கால் நடக்காது, கை நடுங்கும். பேட்டரியில் ஓடுகிற சக்கர நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கைப்பிடியை லேசாகத் தள்ளினால் போதும், போகும்.

ஆனால் கை நடுங்கும்போதெல்லாம் நாற்காலியும் துள்ளியது. முதல் நாள் கதவு. அடுத்த நாள் எதிர்வீட்டுப் பூந்தொட்டி. மூன்றாம் நாள் ஒரு குழந்தை, மயிரிழையில் தப்பித்தது.

"இனி இதுல ஏற மாட்டேன். கட்டில்லயே கிடக்கறேன்" என்றார். சொன்னபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கீழ்வீட்டு டிவி மெக்கானிக் வந்து பார்த்தான்.

"சின்ன வேலைதான்க்கா. நடுக்கத்தைக் கண்டுக்காதேன்னு உள்ள ஒரு நம்பரை மாத்தணும். ஆனா பூட்டி வெச்சிருக்கான். கம்பெனி சாவி, அதான் ஒரு ரகசிய நம்பர், அது இல்லாம உள்ள போக முடியாது."

"நாம காசு குடுத்து வாங்கினதுதானே?"

"நாற்காலி நம்மளது. மூளை அவனோடது."

கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"அந்த மாடலுக்கு சர்வீஸ் நிறுத்தியாச்சும்மா. புதுசு வாங்கிக்கோங்க."

"சாவியைக் குடுங்க சார், நாங்களே மாத்திக்கறோம்."

"அதெல்லாம் போன்ல குடுக்க முடியாது."

"மனுஷன் கட்டிலோட கிடக்கறாரு சார்."

"நாற்காலியோட ஒரு புத்தகம் வந்துச்சே, படிச்சீங்களா?"

புத்தகம் எங்கே என்று அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"படிக்க மாட்டீங்க. அறுபது பக்கம் அச்சடிக்கறது பொட்டலம் மடிக்கவா? நாற்பத்தேழாம் பக்கம் வரைக்கும் ஒருத்தராவது போயிருக்கீங்களா? போனை மட்டும் தூக்கிடறீங்க."

படக்கென்று வைத்துவிட்டான்.

நூறு பேர் தொங்குகிற பஸ்ஸை ஒரு விசிலில் அடக்குகிறவள், போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் அப்புறம்தான் வந்தது.

"கஷ்டத்தைச் சொன்னா பரீட்சை வைக்கறான் தம்பி. மனுஷனா அவன்? எடு அந்தப் புத்தகத்தை. அப்படி என்னத்தைக் கிழிச்சிருக்கான்னு பாப்போம்."

எறும்பு வரிசை மாதிரி எழுத்து. மெக்கானிக் மூக்கு உரசப் படித்தான். நாற்பத்தேழில் நின்றான்.

"அக்கா, அந்த மூளையே அவனோடது இல்லக்கா. யாரோ சில பேர் எழுதி ஊருக்கெல்லாம் சும்மா குடுத்த ப்ரோகிராம். அவங்க போட்ட நிபந்தனை இங்க இருக்கு. வீட்டுச் சாமான்ல இதை வெச்சு விக்கறவன், வாங்கினவங்க எழுதிக் கேட்டா ப்ரோகிராமையும் தரணும், மாத்திப் போடச் சாவியும் தரணும். விலாசம்கூடப் போட்டிருக்கு."

"அப்புறம் எதுக்குப் பூட்டினான்?"

"யார் இவ்வளவு தூரம் படிக்கப்போறாங்கன்னுதான்."

பதிவுத் தபாலில் எழுதிப் போட்டார்கள். மூன்றாவது வாரம் உறை வந்தது. உள்ளே ஒரு பென்டிரைவ், ஒரு துண்டுச் சீட்டில் சாவி. மெக்கானிக் அரைநாள் உட்கார்ந்தான்.

அவர் ஏறினார். கை நடுங்கியது. நாற்காலி நேராகப் போனது. அன்றைக்கு மட்டும் நாலு தரம், ஒரு வேலையும் இல்லாமல் தெருமுனைக்குப் போய் வந்தார்.

கண்டக்டரம்மாவுக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. மறுபடி போன் போட்டாள். எடுத்தது அதே குரல்.

"என்னை ஞாபகம் இருக்கா சார்? சாவி தர முடியாதுன்னீங்களே, வாங்கிட்டோம். உங்க நாற்பத்தேழாம் பக்கத்தை வெச்சே வாங்கிட்டோம்."

எதிர்முனையில் குரல் தணிந்தது.

"இங்க பேசறதெல்லாம் ரெக்கார்ட் ஆகும்மா. மேல இருக்கறவங்க கேப்பாங்க. அந்தப் பக்கத்தை நீங்களாதானே பாத்தீங்க? இங்கேர்ந்து யாரும் சொல்லலையே?"

'நீங்கதானே சொன்னீங்க' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

"ஆமா சார்" என்றாள் மெதுவாக. "நானாத்தான் பாத்தேன். யாரும் சொல்லல."

"நாற்காலி ஓடுதா?"

"தெருமுனை வரைக்கும் ஓடுது சார். சார், உங்களுக்கு நான்..."

"வேற ஒண்ணும் இல்லன்னா வெச்சுடுங்கம்மா. அடுத்த ஆள் காத்திருக்காங்க."

கம்பெனிக்காரர் வைத்த கையோடு அடுத்த போனை எடுத்தார். யாரோ ஒரு பெரியவர், "தம்பி, எங்க நாற்காலி..." என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"புத்தகம் வந்துச்சே, படிச்சீங்களா? நாற்பத்தேழாம் பக்கம் வரைக்கும் போனீங்களா?" என்று எரிந்து விழுந்தார் அந்த மனிதர்.