பழகிவிட்டாள்

செல்வமேரி பாத்ரூமில் உட்கார்ந்து, இரண்டு வயது ஜாஸ்மினைத் தன் பாதங்களின் மேல் குந்த வைத்திருந்தாள்.

"ஸ்ஸ்ஸ்... வருதா கண்ணு?"

"வல்ல" என்ற குழந்தை எழுந்து ஓடியது. நேராகக் கூடத்துக்குப் போய் அங்கே ஈரம் செய்தது.

"இன்னா அவசரம் மேரி? தானா கத்துக்கும், வுடு" என்றான் அவள் கணவன் அந்தோணிசாமி.

"நாளைக்கு நம்ம வளர்ப்பை யாரும் கொறை சொல்லக் கூடாதுங்க."

அடிக்காமல், அதட்டாமல், விடாமல் பழக்கினாள். ஒரு நாள் ஜாஸ்மினே ஓடி வந்து புடவையை இழுத்து, "மூச்சா" என்றாள். செல்வமேரிக்குப் பெருமை தாங்கவில்லை. பம்மலில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பெருங்களத்தூரிலிருந்து தங்கை பேபி வந்ததும் அவளிடமும் முதலில் அதைத்தான் சொன்னாள்.

பேபிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நெஜமாவாக்கா? அப்ப இன்னிக்கே கூட்டிகினு போயிடறேன். கம்பெனி பக்கத்துல கிரெச்சு கீது. பாத்ரூம் பழகின புள்ளைங்களைத்தான் சேத்துக்குவாங்களாம். நான் பெத்த பொண்ணை இன்னும் எத்தினி நாளுக்கு உன்கிட்டயே வுட்டு வைக்கிறது?"

செல்வமேரி பீரோவைத் திறந்து குழந்தையின் கவுன்களை மடித்துப் பையில் வைத்தாள். கைக்குழந்தையாக வந்தவள். இன்னும் ஒரு வருஷமாவது மெதுவாகப் பழக்கியிருக்கக் கூடாதா?

"அக்கா, பஸ்ல மூச்சா போயிடுவாளா? மாத்துத் துணி கையில வெச்சுக்கட்டுமா?"

போய்விடுவாள், இன்னும் சரியாகப் பழகவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் வரவில்லை.

"வேணாம் பேபி, எம் பொண்ணு சொல்லிடுவா" என்றவள், "உம் பொண்ணு" என்று திருத்திக்கொண்டாள்.