தட்டினால் திறப்பதில்லை

"உள்ளே இருந்தா ரெண்டு தடவை தட்டு."

டொக். டொக்.

பேய் சொன்ன பேச்சைக் கேட்டது. எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யூனிட்டில் அவருக்குக் 'காது' என்று பெயர். டிவியில் ஒன்றரை வருடமாக ஓடும் அந்த அமானுஷ்யத் தொடரில் எழுபது எபிசோடுக்கும் அவர்தான் பேய். கொலுசுக்குச் சாவிக்கொத்து, பெருமூச்சுக்குத் தன் சொந்த மூச்சு, ஏரிப் பூதத்துக்கு ஒரு வாளித் தண்ணீரும் தன் கையும். பேயென்றால் அவருக்குப் பயம் கிடையாது. தினமும் கண்ணாடியில் அதற்குத்தானே ஷேவ் செய்கிறார்.

"சார், இந்தத் தட்டல்..." என்று இழுத்தார்.

"பிரமாதம்யா," என்றார் டைரக்டர். "மூடிக் கிடக்கிற ஐஸ் கிடங்கு, வெளியிலேர்ந்து மட்டும் திறக்கிற இரும்புக் கதவு, அதுக்குப் பின்னாடி டொக் டொக். எப்படிய்யா வெச்சே?"

"நான் வைக்கல சார். நீங்கதான் யாரையோ உள்ளே நிறுத்தியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"நானா? நான் உன் வேலைன்னுல்ல நினைச்சேன்."

டைரக்டர் முகத்தில் வந்தது பயமல்ல. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷம்.

"அப்ப நிஜம்யா இது. எழுபது பொய்க்கு ஒரு நிஜம். இன்னைக்கு ஏழு மணிக்கு டிவியில பாரு."

அந்தத் தொடரில் ஒரு விதி உண்டு. சத்தம் வந்த கதவை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் எலி இருக்கும், இல்லையென்றால் காற்றில் ஆடும் தகரம் இருக்கும், எபிசோடு செத்துப்போகும். மூன்று நாளுக்கு முன்னால் அந்தக் கிடங்கிலும் யாரும் விதியை மீறவில்லை. நிகழ்ச்சித் தொகுப்பாளர் அரை மணி நேரம் கதவோடு பேசினார், பிறகு எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

காது பதிவை மறுபடி ஓடவிட்டார். திரையில் தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இந்த இடம் எவ்வளவு பயங்கரம்னா, இங்க காவலுக்கு இருந்தவரே கேட்டைத் திறந்து போட்டுட்டு ஓடிட்டார்." பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் கேட்டார். "உனக்கு விடுதலை வேணுமா?"

இந்தத் தடவை தட்டல் இரண்டோடு நிற்கவில்லை. எண்ண முடியாதபடி விழுந்தது. விளக்குகளை அணைத்து, ஆட்கள் வெளியேறிய பின்பும், கடைசியாகக் கழற்றிய மைக்கில் பதினோரு நிமிடம் விழுந்துகொண்டே இருந்தது.

"அந்தப் பதினோரு நிமிஷத்தைத் தூக்கிடு," என்றார் டைரக்டர். "ரொம்பத் தட்டினா பேய்க்கு மரியாதை போயிடும்."

நேற்று அந்தப் பகுதியைக் கேட்டதிலிருந்து காதுக்குச் சோறு இறங்கவில்லை. கூலிக்குத் தட்டுகிறவன் ஷூட்டிங் முடிந்து பேக்கப் சொன்னதும் நிறுத்தியிருப்பானே என்றுதான் மனசு அரித்துக்கொண்டிருந்தது.

"சார், அது பேயோ பிசாசோ எனக்குத் தெரியாது. விடுதலை வேணுமான்னு நாமதான் கேட்டோம். அது வேணும்னு சொல்லிச்சு. சொன்னதுக்கப்புறம் அப்படியே விட்டுட்டு வந்துட்டோம். வண்டி எடுத்துட்டுப் போய் ஒரு தடவை திறந்து பார்த்துட்டு வந்துடறேன்."

"திறந்து ஒண்ணுமில்லைன்னா எபிசோடு போச்சு. எலி இருந்தா மானமே போச்சு. அடுத்த வாரமும் இதே கதவைத்தான் காட்டப் போறோம், தெரியுமில்ல?"

"மனசு கேக்கல சார்."

"பேய் எங்கேயும் ஓடிடாதுய்யா. நீ போறதுன்னா தாராளமா போ. திரும்பி வராதே."

காது கையில் எடுத்த வண்டிச் சாவியைத் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டார். ஐம்பது வயதில் வேறெங்கே போய்ப் பேயாக இருப்பது? தன்னை நினைக்கத் தனக்கே வெட்கமாக இருந்தது. பதினோரு நிமிடத்தையும் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அழித்தார்.

அப்போது அறைக் கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தாள். கையில் துணிப்பை, காலில் அறுந்து தைத்த செருப்பு. "வரவேற்பில இங்க கேக்கச் சொன்னாங்க. ஐஸ் கிடங்கு வாட்ச்மேன் வீட்டுலேர்ந்து வர்றேங்க. அவருக்கு மாத்துத்துணியும் சுகர் மாத்திரையும் கொண்டாந்திருக்கேன்."

"அதை ஏம்மா இங்க கொண்டு வந்தே?" என்றார் டைரக்டர்.

"ஷூட்டிங் ரெண்டு மூணு நாள் இழுத்தாலும் இழுக்கும், உங்க கூடவே தங்கிடுவேன்னு சொல்லிட்டுப் போனாருங்க. போனும் போகல. அதான் நேர்லயே பார்த்துக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

டைரக்டருக்கு எரிச்சல் வந்தது. "ஷூட்டிங் அன்னைக்கே முடிஞ்சதும்மா. உங்க வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து போட்டுட்டு எங்கேயோ போயிட்டார். நாங்க அவர் முகத்தைக்கூடப் பார்க்கல."

அவள் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கேயும் போகலைங்களே. நீங்க வர்றீங்கன்னு உள்ளே ஐஸ் அறையைப் பெருக்கி வைக்கத்தான் முன்னாடியே போனாரு."