மீன் சினையும் மக்கள் தொகையும்

"பெட்டியை வாங்கிக்கிட்டு இதுல முத்திரையைக் குத்திடுங்கம்மா. நகராட்சியோட புத்தாண்டு அன்பளிப்பு."

அழைப்பு மணியை அடித்துவிட்டு, தோளில் அப்பியிருந்த பனியைத் தட்டிவிட்டு, செகாவா முறைப்படி குனிந்து வணங்கினார். ஜப்பானில் ஹொக்கைடோ கடலோரத்துச் சின்ன ஊர். அதன் நகராட்சியில் அவர் குழந்தைப் பெருக்கப் பிரிவு அதிகாரி. கையில் ஒரு கிலோ கசுனோகோ, உப்பிட்ட மீன் சினை. புத்தாண்டு விருந்தில் இதைத் தின்றால் பிள்ளைகள் பெருகும் என்பது ஊர் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு மேயர் நிதி ஒதுக்கி ஐந்து வருடமாகிறது.

"போன வருஷத்துப் பெட்டியே ஃப்ரிட்ஜில கெடக்கு சார்," என்றாள் கதவைத் திறந்த ஷிஹோ.

"ஏன், சாப்பிடலையா?"

"ரெண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணிய மாத்தி மாத்தி, தோலை உரிச்சு... ஒத்த ஆளுக்கு இவ்வளவு பாடு எதுக்கு?"

"அப்படிச் சொன்னா எப்படிம்மா? நாப்பது வயசுக்குள்ள இந்த ஊர்ல மிச்சமிருக்கிறது இந்த வீட்டுத் தம்பதி ஒண்ணுதான். வர்ற வருஷம் ஒரு பிறப்பாவது பதிவாகலேன்னா எங்க பிரிவையே மூடிடுவாங்க!"

ஷிஹோ பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"கனடான்னு போட்டிருக்கு. நம்ம கடல் மீன் என்னாச்சு?"

"அது தாத்தா காலத்துலயே தீந்துபோச்சு."

"சினையாப் பாத்துப் பாத்துத் தின்னா மீன் எங்கேருந்து சார் பெருகும்?"

செகாவா காதில் விழாததுபோல் படிவத்தைப் பிரித்தார்.

"பேர் சொல்லுங்க."

"தெரியாதா?"

"நீங்களே வாயால சொல்லணும்னு விதி."

"ஷிஹோ. வயசு முப்பத்தி நாலு. கல்யாணமாகி எட்டு வருஷம். போதுமா?"

"குழந்தை இல்லாததுக்குக் காரணம்?"

"காலையில ஆறு மணிக்குப் போற மனுஷன் ராத்திரி பதினோரு மணிக்கு வர்றாரு. ஞாயித்துக்கிழமைன்னா மீட்டிங். போன புத்தாண்டு அன்னிக்குக்கூட மேலதிகாரி வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லக் கெளம்பிட்டாரு. நான் ஒருத்தியா உக்காந்து சினையைத் தின்னா, எந்தச் சாமி சார் பிள்ளை குடுக்கும்?"

செகாவா 'உச்' கொட்டினார். காரணம் என்ற கட்டத்தில், மணி மணியான கையெழுத்தில், 'கணவரின் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினார்.

"இந்தப் புத்தாண்டுக்காவது அவர் வீட்ல இருப்பாரா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

செகாவா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு மீட்டிங். மக்கள் தொகை சம்பந்தமா."

ஷிஹோ பெருமூச்சு விட்டு, கையெழுத்துக்குப் பதிலான தன் சிவப்பு முத்திரையைக் குத்திப் படிவத்தை நீட்டினாள். அவர் மறுபடி குனிந்து வணங்கிவிட்டுப் படியிறங்கினார்.

"ஏங்க," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் அவள். "ராத்திரி வரும்போதும் இப்படி மணியடிச்சு என்னை எழுப்பாதீங்க. வீட்டுச் சாவி உங்க கோட்டுப் பையிலதான் இருக்கு."